நூற்றுப் பத்தொன்பதாம் பக்கத்தில் நாலு வரி

வாங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் எங்கள் கடைக்குப் புதியவர்கள் இல்லை. ஒரு பாரம், அதாவது சேர்த்து மடித்த ஒரு பக்கக் கட்டு, தலைகீழாகத் தைத்திருக்கும். பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்திருக்கும். செபப் புத்தகம் என்று நினைத்து வாழ்க்கை வரலாற்றை எடுத்துப் போன பாட்டியம்மாக்களும் உண்டு. வேறு பிரதி கொடுத்து, பக்கத்துக் கடையிலிருந்து ஒரு சாயாவும் வரவழைத்துக் கொடுத்தால் காரியம் முடிந்தது. போன ஆகஸ்டில் ஒரு மத்தியானம் வந்த பெண் இந்த வகை எதிலும் சேரவில்லை. இருபத்தொன்று, இருபத்திரண்டு வயது இருக்கும். கழுத்தில் நர்சிங் கல்லூரி அடையாள அட்டை. புனிதர் தேவசகாயத்தைப் பற்றி நாங்கள் போட்ட புத்தகத்தைப் பையிலிருந்து எடுத்துக் கவுன்டரில் வைத்தாள். தபாலில் அனுப்பிய அதே பிளாஸ்டிக் உறைக்குள் அலுங்காமல் இருந்தது.

“அங்கிள், இத எடுத்துக்கிடுவீங்களா?”

பக்கம் எதுவும் விட்டுப்போயிற்றா என்று கையை நீட்டினேன்.

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல. புக்கு கொள்ளாம். ஆனா நான் வாங்குனது இது இல்ல.”

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். “வீடியோவுல ‘இதுவரை யாரும் சொல்லாத கதை’ன்னு போட்டிருந்தீங்க. மணியடிச்சான் பாறைய வச்சுத்தான் தொடங்குனீங்க. இதுல பாறை நூத்திப் பத்தொன்பதாம் பக்கத்துல நாலு வரி வருது. நான் ஆரல்வாய்மொழிக்காரி அங்கிள். பாறைய எனக்குத் தெரியும். யாரும் சொல்லாததுன்னு ஒண்ணு இருக்கும்லா, அதுக்குத்தான் வாங்குனேன்.”

நூற்று அறுபது ரூபாயை எடுத்துக் கொடுத்தேன். ‘பரவாயில்லை, வேண்டாம்’ என்று சொல்லிவிடுவாள் என உள்ளுக்குள் ஒரு நப்பாசை இருந்தது உண்மை. வாங்கி, எண்ணி, பையில் வைத்துக்கொண்டு “தேங்க்ஸ் அங்கிள்” என்று படியிறங்கிப் போனாள். சத்தம் போட்டிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன். அவள் பேச்சில் கோபமே இல்லை. கடையில் அரைக் கிலோ கத்தரிக்காய் கேட்டவளுக்கு அரைக் கிலோ வெண்டைக்காய் போட்டுக் கொடுத்ததைச் சொல்வதுபோலச் சொல்லிவிட்டுப் போனாள். புத்தகத்தை அலமாரியில் திரும்ப அடுக்க மனம் வரவில்லை. மேசை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

படிக்கட்டுக்குக் கீழே

2022 மே 15-ஆம் தேதி ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது நட்டாலத்திலும் கோட்டாற்றிலும் ஆரல்வாய்மொழியிலும் எப்படி இருந்தது என்று இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களிடம் நான் விவரிக்க வேண்டியதில்லை. இந்தியாவில் குருவோ துறவியோ அல்லாத ஒரு குடும்பஸ்தர் புனிதரானது அதுதான் முதல் தடவை. அந்தச் சூட்டில் ஆளாளுக்குப் புத்தகம் போட்டார்கள். நாங்களும் போட்டோம். எழுதியவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அப்பாவின் சிநேகிதர். 144 பக்கம், டெமி அளவு, ஆயிரம் பிரதி. சார் நிதானமாக எழுதுகிறவர். நீலகண்டனாகப் பிறந்தவர் பத்மநாபபுரம் அரண்மனையில் என்ன வேலை பார்த்தார், 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக்காரர் டிலனாயோடு எப்படிப் பழக்கமானார், 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம், 1749-ல் கைது, 1752-ல் காற்றாடிமலையில் சுட்டுக்கொன்றது என்று ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து எழுதியிருந்தார். அற்புதங்களைத் தள்ளவில்லை. அதற்காகத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் இல்லை.

புனிதர் பட்டம் வந்த சூடு தணிவதற்குள் நானூறு போயிற்று. மீதி அறுநூறு படிக்கட்டுக்குக் கீழே போயிற்று. தென்மேற்கும் பெய்து வடகிழக்கும் பெய்யும் மாவட்டத்தில் படிக்கட்டுக்குக் கீழே புத்தகக் கட்டு வைப்பது என்றால் என்னவென்று அச்சகக்காரர்களுக்குத் தெரியும். ஒரு பருவத்தில் ஈரம் ஏறும், மறு பருவத்தில் ராமபாணப் பூச்சி ஏறும். மாதம் ஒரு தடவை கட்டைப் பிரித்து மொட்டை மாடியில் வெயில் காட்டுவேன். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்த அக்கா மகன் மாடியேறி வந்து அந்தக் காட்சியைப் பார்த்தான். விஸ்காம் முடித்துவிட்டுக் கல்யாண வீடியோக்களுக்கு எடிட்டிங் செய்துகொண்டிருந்தான்.

“மாமா, வாங்குனவங்க யாரு? எல்லாம் பெரிசுங்கதானே?”

அப்படித்தான். நானூறு பேரில் முப்பது வயதுக்குக் கீழே இருபது பேர் இருந்தால் அதிகம். எங்கள் பிள்ளைகள் வாசிக்காதவர்கள் இல்லை. ஜெர்மனி போக ஆயத்தமாகும் நர்சிங் பிள்ளைகள் ஜெர்மன் இலக்கணத்தை மனப்பாடம் செய்கிறார்கள். டி.என்.பி.எஸ்.சி. எழுதுகிற பையன்கள் தலையணை உயரத்துக்கு வாசிக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் உறுதிபூசுதல் வாங்கிய நாளோடு சமயப் புத்தகம் மட்டும் அவர்கள் கையிலிருந்து நழுவிவிடுகிறது. இது கோயிலின் கவலை. எனக்கு அதில் அறுநூறு பிரதியின் கவலையும் கலந்திருந்தது என்பதை மறைக்கவில்லை.

“புக்க வித்தா ஒருத்தனும் வாங்கமாட்டான் மாமா. கதைய விக்கணும். ஏழு எபிசோடு போடுவோம். அமெரிக்காவுல மைக் ஷ்மிட்ஸ்னு ஒரு ஃபாதர் 2021 ஜனவரி ஒண்ணாந்தேதி தொடங்கி வருசம் முழுக்கத் தினம் ஒரு பாட்காஸ்ட் போட்டார். ஆப்பிள் லிஸ்ட்ல முதல் எடத்துக்கே போச்சி. அதுக்கு ஏத்த பைபிள அந்தப் பப்ளிஷர் வித்துத் தள்ளிட்டாங்க. எல்லாம் ஓசிதான், பைபிளுக்கு மட்டுந்தான் துட்டு.”

அந்த ஃபாதர் தினமும் என்ன செய்தார் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காற்றுக்குள் ஒரு மைக்

முதல் படப்பிடிப்பு காற்றாடிமலையில். பேசுவதற்கு அவனுடைய கல்லூரிச் சிநேகிதன் ஒருவனைக் கூட்டி வந்திருந்தான். நல்ல குரல், நல்ல சட்டை, தாடி. எங்கள் புத்தகத்தை அவன் வாசித்திருக்கவில்லை. மருமகன் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தைக் காரில் வரும்போது பார்த்துக்கொண்டான். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று முப்பந்தல் காற்றாலைகளைக் கேட்டால் தெரியும். காலர் மைக்கில் பஞ்சு சுற்றியும் பாதி வார்த்தை காற்றோடு போயிற்று. மருமகன் தளரவில்லை. “பேச்ச வீட்டுல போய் டப் பண்ணிக்கிடலாம். பாறைய மட்டும் எடுப்போம்” என்றான். தேவசகாயத்தைச் சுட்டபோது மணிபோல ஒலித்ததாகச் சொல்லும் மணியடிச்சான் பாறை அது. கல்லால் தட்டினால் ‘டிங்’ என்று கேட்கிறதே, அதுதான் தொடக்கம். கறுப்புத் திரை, ‘டிங்’, பிறகு ஒரு குரல்: “இந்தப் பாறை ஏன் மணியடிக்கிறது?” கேட்டபோது எனக்கே மயிர் கூச்செறிந்தது. தம்ப்நெயிலில் மஞ்சள் எழுத்து, சிவப்பு அம்புக்குறி, ‘இதுவரை யாரும் சொல்லாத கதை’. அந்த வரியை நான்தான் சரி என்று சொன்னேன். இருநூற்றெழுபது வருசமாக இந்த மாவட்டத்தில் ஆளாளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிற கதை அது. அந்த நிமிசம் அது எனக்குப் பொய்யாகத் தோன்றவில்லை. விளம்பரம் என்றால் அப்படித்தானே என்று இருந்துவிட்டேன்.

முதல் பாகம் ஒரு வாரத்தில் நாற்பத்தோராயிரம் பேரைத் தொட்டது. வீட்டில் கேக் வெட்டாத குறை. அக்கா, பங்கில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டத்தில் எல்லார் போனிலும் சப்ஸ்கிரைப் அமுக்கவைத்தாள். இரண்டாம் பாகம், தேவசகாயம் முட்டியால் இடித்துத் தண்ணீர் வரவைத்ததாகச் சொல்லும் புலியூர்குறிச்சி முட்டிடிச்சான் பாறை. பாறையிலேயே ஓட்டுகிறோமே என்று ஒரு உறுத்தல் வந்தது, அதுவும் இருபதாயிரத்தைத் தாண்டியதும் அடங்கிவிட்டது. மூன்றாம் பாகத்தில் அரண்மனை வேலை, டிலனாய், உதயகிரிக் கோட்டையில் அவருடைய கல்லறை. அங்கேயிருந்து இறங்குமுகம். ஏழாம் பாகம் தொள்ளாயிரத்தைத் தாண்டவில்லை. மருமகன் யூடியூப் ஸ்டூடியோவைத் திறந்து ஒரு கோட்டைக் காட்டினான். முதல் அரை நிமிசத்தில் பாதிப்பேர் இறங்கிவிட்டார்கள். பாறை ‘டிங்’ என்ற இடத்தில் மட்டும் கோடு மேலே எழும்பி நின்றது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

வயதுக் கணக்கைப் பார்த்தபோதுதான் எங்களுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இளைஞர்களுக்கென்று எடுத்த தொடரை அவர்களுடைய அப்பாக்கள் பார்த்திருந்தார்கள். குவைத்திலும் சார்ஜாவிலும் ஷிஃப்ட் முடித்துவந்து கட்டிலில் படுத்தபடி ஊரைப் பார்த்திருக்கிறார்கள். கமென்டில் பாதி ‘எங்க ஊரு’, ‘பத்து வருசத்துக்கு முன்னால இந்த மலை ஏறியிருக்கேன்’. மீதியில் பெரும்பகுதி ‘பி.டி.எஃப். கிடைக்குமா?’ ஷார்ட்ஸாக வெட்டிப் போட்ட துண்டுகள் ஓரளவு சின்னப் பிள்ளைகளிடம் போயின. அவற்றின் கீழே ஆர்டர் செய்ய வாட்ஸ்அப் இணைப்பைக் கொடுத்திருந்தோம். ஷார்ட்ஸில் அப்படிக் கொடுக்கும் இணைப்பை அமுக்கினால் திறக்காது, 2023 ஆகஸ்டிலேயே யூடியூப் அதை நிறுத்திவிட்டது என்பது ஒரு மாதம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. பாலம் இல்லாத ஆற்றங்கரையில் பேருந்துக்கு நின்றுகொண்டிருந்தோம். கடைசிக் கணக்கில் ஏழு பாகத்துக்கும் சேர்த்து முப்பத்து நாலு பிரதி. அதில் ஒன்றுதான் ஆரல்வாய்மொழிக்குப் போய்த் திரும்பி வந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். சார் புத்தகத்தில் பெயரைப் பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. 2012 டிசம்பரில், புனிதர் பட்டத்துக்கு முந்தின படியான முத்திப்பேறு பட்டம் கொடுத்தபோது ‘தேவசகாயம் பிள்ளை’ என்றுதான் இருந்தது. 2022-ல் ‘பிள்ளை’ இல்லாமல் ‘தேவசகாயம்’ என்று மட்டும் வந்தது. எல்லாச் சாதியாரோடும் சமமாகப் பழகியவர் என்று யாரைக் கொண்டாடுகிறோமோ, அவர் பெயரிலேயே சாதி ஒட்டிக்கொண்டிருக்கலாமா என்று கேட்டவர்கள், விடக்கூடாது என்று வாதாடியவர்கள், இரண்டு பக்கத்தையும் சார் எழுதியிருந்தார். புத்தகத்தில் எனக்குப் பிடித்த அத்தியாயம் அது. இருபது வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசவேண்டிய விசயமும் அதுதான். வீடியோவில் அதைத் தொடவில்லை. “கமென்டுல சண்ட வந்துரும் மாமா” என்றான் மருமகன். நானும் தலையாட்டினேன். சண்டை எப்படியும் வந்தது. எங்கள் வாயைத் திறக்காமலேயே எங்கள் கமென்டில் சாதி பேசிவிட்டுப் போனார்கள்.

அப்பாவின் நரகம்

அந்தப் பெண் போனபிறகு சில நாள் அப்பாவையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா புத்தகம் விற்றது கடை போட்டு அல்ல. சைக்கிள் கேரியரில் ஒரு டிரங்குப் பெட்டி. கோட்டாறு சவேரியார் திருவிழா, ராஜாவூர் மிக்கேல், முட்டம், குளச்சல் என்று எங்கே கொடியேறுகிறதோ அங்கே போய்விடுவார். பொரியுருண்டைக்காரனுக்கும் வளையல்காரனுக்கும் நடுவில் ஒரு தார்ப்பாய் விரித்தால் அதுதான் கடை. அவரைப் பற்றிப் பேசும்போது எங்கள் குடும்பத்தில் எல்லாரும் கொஞ்சம் மெழுகுவர்த்தி ஏற்றிவிடுவார்கள். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. அவருக்கும் தந்திரம் இருந்தது. முன்வரிசையில் எப்போதும் ஒரு நரகப் படம் போட்ட புத்தகம் இருக்கும். சிவப்பு நெருப்பு, கொம்பு, முள்ளுக்கரண்டி. பிள்ளைகள் நின்று பார்க்கும். பிள்ளையை இழுத்துப்போக அம்மா வருவாள். அம்மா வந்தால் வியாபாரம். மருமகனிடம் இதைச் சொன்னபோது குதித்தான். “அப்ப தாத்தா போட்டதும் தம்ப்நெயில்தானே!”

மறுக்க முடியவில்லை. அவன் அதோடு விடவில்லை. “சவேரியாரே தெருத்தெருவா கைமணிய ஆட்டிக்கிட்டுத்தானே பிள்ளையளக் கூட்டுனார்? அதுவும் அதுதான் மாமா.” இந்த மாவட்டத்தில் சவேரியாரின் மணியைச் சொல்லிவிட்டால் எதிர்த்துப் பேச இடமில்லை. இரவு படுத்தபிறகுதான் எனக்குப் பதில் வந்தது. வழக்கம்போலத் தாமதமாக. சவேரியார் மணியடித்தார், பிள்ளைகள் வந்தார்கள், பிறகு மணியைக் கீழே வைத்துவிட்டு மந்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார். அவர் ஒரு வரி சொல்ல, அவர்கள் திருப்பிச் சொன்னார்கள். அப்பாவின் நரகப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே நரகம் இருக்கும். அட்டையில் எரிந்த நெருப்பு உள்ளேயும் எரியும். நாங்கள் மணியடித்துக் கூட்டினோம், கூட்டம் வந்து நின்றபிறகும் மணியைத்தான் அடித்துக்கொண்டிருந்தோம்.

அப்பா விற்ற விதத்தில் இன்னொன்று இருந்தது, எனக்கு வெகுநாள் அது விற்பனையாகவே படவில்லை. சத்தமாக வாசிப்பார். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, விரலை வரிக்குக் கீழே நகர்த்தி நகர்த்தி வாசிப்பார். அவர் சொந்தமாகப் பேசியதே குறைவு. கேட்டுக்கொண்டு நிற்கிறவர்கள் அவர் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். விரல் போகிற இடத்தைத்தான் பார்ப்பார்கள். எழுத்துத் தெரியாதவர்களும் அப்படித்தான். அந்தக் காலத்தில் வடசேரி பஸ் ஸ்டாண்டில் பாட்டுப் புத்தகம் விற்கிறவர்களும் கையில் புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொண்டேதான் பாடுவார்கள். கொலைச்சிந்தோ ரயில் விபத்துச் சிந்தோ, மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுத்தான். ஆனாலும் புத்தகம் விரிந்தே இருக்கும். குரல் புத்தகத்திலிருந்து வருகிறது என்று கேட்கிறவனுக்குத் தெரியவேண்டும்.

இதை எழுதும்போது இன்னொரு காட்சி ஞாபகம் வருகிறது. சின்ன வயதில் சிநேகிதன் வீட்டோடு சுவாமிதோப்புக்குப் போயிருக்கிறேன், கார்த்திகை மாதத் திருஏடு வாசிப்புக்கு. அய்யாவழிக்காரர்களின் வேதநூலான அகிலத்திரட்டு அம்மானையைப் பதினேழு நாள் வாசிப்பார்கள். அம்மானை 1939-ல் அச்சுக்கு வந்துவிட்டது, வீட்டிலேயே வாசிக்கலாம்தான். இருந்தாலும் பந்தலில் உட்கார்ந்து இன்னொருவர் வாயால் கேட்கத்தான் கூட்டம். நடுவில் இருப்பது ஏடு. வாசிக்கிறவர் மாறிக்கொண்டே இருப்பார். அவர் யார், எந்த ஊர், குரல் நன்றாயிருக்கிறதா என்று யாரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. எங்கள் ஏழு பாகத்திலும் நடுவில் இருந்தது தாடி வைத்த பையன். புத்தகம் கடைசி ஐந்து விநாடியில் அட்டை மட்டும் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும், கல்யாண வீட்டில் மொய் எழுதுகிறவரைப்போல. பார்த்தவர்கள் அந்தப் பையனைத்தான் வாங்கினார்கள். நாங்கள் அனுப்பியது சாருடைய புத்தகத்தை. அந்தப் பெண் கணக்காகச் சொல்லியிருக்கிறாள், நான் வாங்கினது இது இல்லை என்று.

அப்போதுதான் மைக் ஷ்மிட்ஸைத் தேடிக் கேட்டேன். என் இங்கிலீஸுக்கு அவர் கொஞ்சம் வேகம். ஆனாலும் விளங்கியது. மனுசன் பைபிளை வாசிக்கிறார். ஒவ்வொரு நாளும் இரண்டு மூன்று பகுதி வாசித்துவிட்டு, ஒரு செபம், சின்ன விளக்கம். பெரும்பங்கு வாசிப்புத்தான். எங்கள் மருமகன் எதை உதாரணம் காட்டினானோ அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நாங்கள் செய்திருக்கிறோம்.

பென்சில்

செப்டம்பர் கடைசியில் ஏதோ ரசீதைத் தேடி இழுப்பறையைத் திறந்தேன். உறையோடு அந்தப் புத்தகம். சும்மா பிரித்தேன். பதினோராம் பக்கத்தில் பென்சிலால் மெல்லிய கோடு. இருபத்தியிரண்டில் ஓரத்தில் ‘குளச்சல் போர் – அம்மாச்சி சொன்னது வேற’ என்று பொடி எழுத்து. பெயரைப் பற்றிய அத்தியாயத்தில் கிட்டத்தட்ட எல்லா வரிக்கும் கோடு, ஒரு இடத்தில் இரண்டு ஆச்சரியக்குறி. நாற்பது, அறுபது, நூறு. கடைசிவரை வாசித்திருக்கிறாள். வாசித்து முடித்துவிட்டுத்தான் திருப்பித் தந்திருக்கிறாள். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், ஒளிக்கவேண்டியதில்லை. ஓசியில் வாசித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிப்போயிற்றே பிள்ளை!

எண்பத்தேழாம் பக்கத்துக்கு வந்ததும் கோபம் நின்றுபோயிற்று. தேவசகாயத்தைக் கைதுசெய்து எருமையில் ஏற்றி ஊர் ஊராக இழுத்துப்போகும் பகுதி. அங்கே அவருடைய மனைவி பார்கவி அம்மாளைப் பற்றி, ஞானஸ்நானத்தில் ஞானப்பூ, சார் இரண்டு வாக்கியம் எழுதியிருந்தார். அதன் பக்கத்தில் பென்சிலில்: ‘இவங்க அன்னைக்கு எங்க இருந்தாங்க? யாரும் கேக்கலியா?’ அந்தப் பக்கத்தை அச்சுக்கு முன்னால் நான்தான் மூன்று தடவை மெய்ப்புப் பார்த்தேன். ஒற்றுப்பிழை தேடினேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை. ஞானப்பூ பிறகு வடக்கன்குளம் போய் அங்கேயே இருந்து இறந்தார், அங்கேதான் அடக்கம் என்பார்கள். நாற்பதைத் தாண்டி வயதாகிறது, எத்தனையோ தடவை வடக்கன்குளம் போயிருக்கிறேன், அந்தக் கல்லறையைத் தேடிப் போனதில்லை. யாரும் சொல்லாத கதை என்று விற்றோமே, அவள் கேட்டது அதைத்தான். புத்தகத்துக்குள் அது ஒரு ஓட்டையாக இருந்தது, அவள் அதில் விரலை விட்டிருக்கிறாள்.

சாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். “ஆண்டவரே” என்றார். பிறகு, “பிள்ளைக்கு ரெண்டாம் பதிப்புல நன்றி போடணும்டே” என்றார். முதல் பதிப்பே படிக்கட்டுக்குக் கீழே இருக்கிறது என்று அவருக்கு நினைவூட்டவில்லை.

புதிதாக எடுத்த வீடியோக்களை மருமகன் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. மேசைக்கு மேலே ஒரு கம்பியில் போனைக் கவிழ்த்துக் கட்டச் சொன்னேன். சட்டகத்தில் புத்தகமும் என் விரலும் மட்டும். அந்தப் பென்சில் பிரதிதான். ஒரு பக்கம் வாசிப்பேன், ஓரத்தில் அவள் எழுதியிருந்தால் அதையும் வாசிப்பேன், யார் எழுதியது என்று சொல்லமாட்டேன். எட்டு நிமிசம். இசை கிடையாது. முதல் வீடியோவில் தெருவில் மீன்காரர் கூவுகிற சத்தம் நடுவில் விழுந்துவிட்டது, அப்படியே விட்டோம். எண்பத்தேழாம் பக்கத்தை வாசித்த அன்று கேள்வியோடு நிறுத்தினேன். எனக்குப் பதில் தெரியவில்லை, வேறு என்ன செய்ய? “மாமா, இது ஏ.எஸ்.எம்.ஆர். மாதிரி இருக்கு, தூக்கம் வருது” என்றான். பார்த்தவர்கள் முந்நூறு, நானூறு. ஒரே ஒரு பாகம் ஆயிரத்தைத் தொட்டது, பெயர் அத்தியாயம் வாசித்தது. அங்கே கமென்டில் சண்டை வந்தது, ஆனால் பக்க எண் போட்டுச் சண்டை போட்டார்கள். இரண்டு கல்லூரி விடுதிகளிலிருந்து ஆறும் எட்டுமாகச் சேர்ந்து ஆர்டர் வந்தது. பி.டி.எஃப். கேட்டவர்களும் உண்டு. ஒரு பையன் ‘மார்ஜின் அகலமா இருக்கா?’ என்று கேட்டான். இருபது வருசத்தில் என்னிடம் எவரும் மார்ஜினைப் பற்றிக் கேட்டதில்லை.

கட்டு இப்போது நானூற்றுக்குக் கொஞ்சம் கூட இருக்கிறது. வீடியோவால் குறைந்ததா, டிசம்பர் திருவிழாவால் குறைந்ததா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. பெரும்பங்கு திருவிழா என்றுதான் நினைக்கிறேன். எங்கள் சேனலை நம்பி யாரும் புத்தகம் போட்டுவிட வேண்டாம்.

கோட்டாற்றில் அப்பா தார்ப்பாய் விரித்த அதே வரிசையில் இந்த முறை நாங்கள் ஒரு மேசை போட்டிருந்தோம். தேருக்கு முந்தின இரவு, கூட்டம் நெரிக்கிறது. கல்லூரிப் பையன் ஒருவன் வந்து புத்தகத்தை எடுத்து விசிறிபோல ஓட்டிப் பார்த்துவிட்டு, “இது இல்லண்ணே. பென்சில் போட்டது வேணும். வீடியோவுல காட்டுவீங்கல்லா” என்றான். அது ஒன்றுதான் இருக்கிறது, விற்பனைக்கு இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. யோசித்துவிட்டுச் சாதாரணப் பிரதியை வாங்கிக்கொண்டு போனான்.

பில் போட்டுக்கொண்டிருந்த மருமகன் தலையைத் தூக்கினான். கண் மின்னியது.

“மாமா, எல்லாப் புக்குலயும் நாமளே போட்டு வித்தா என்ன? ஒரு பெட்டி பென்சில் போதும்.”

வாயை மூடு என்றேன். பதினொரு மணிக்குக் கடையைக் கட்டும்போது கல்லாப்பெட்டிக்குள் பில் புத்தகத்தோடு ஒரு பென்சில் கிடந்தது. முனை கூராகத்தான் இருந்தது. கையில் எடுத்து, கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டு நின்றேன்.